நந்தி கால் நனையாத நாள்

ஐப்பசி மழை விட்ட காலைகளில் எங்கள் படித்துறையில் செம்மண் கலந்த தண்ணீரின் வாடை மூக்கில் ஏறும், அந்த வாடை அடித்தாலே தெருவில் முதல் கேள்வி, "நந்தி காலு நனைஞ்சிட்டா?" என்பதுதான். முக்கூடலுக்குச் சற்றுக் கீழே, தாமிரபரணியின் நடுவில் பாறைமேல் நிற்கும் கல்மண்டபத்தில் ஒரு நந்தி படுத்திருக்கும். அதன் மடக்கிய கால் நனையாதவரை ஆற்றில் இடுப்பளவுதான் தண்ணீர், இறங்கிக் கடக்கலாம். நனைந்துவிட்டால் கிழக்கே வெகுதூரம் நடந்து, வெள்ளைக்காரன் காலத்துப் பாலத்தைச் சுற்றித்தான் அக்கரை போகவேண்டும்.

மண்டபத்தைக் கட்டியது யார் என்று எவருக்கும் தெரியாது. பாண்டியன் என்பார்கள், நாயக்கர் என்பார்கள். அப்பாவோ, "கட்டுனவன் நம்மளவிட வெவரமானவன்வே" என்று எல்லோர் வாயையும் அடைத்துவிடுவார். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த, நாலெழுத்துப் படித்த மனிதர்தான். ஆனாலும் ரேடியோ சொல்லும் வெள்ளச் செய்தியை நம்பமாட்டார், நந்தியைத்தான் நம்புவார்.

நான் ஆறாவது படிக்கையில் ஆற்றுக்குள் லாரிகள் இறங்கின. மணலை அள்ள அள்ள ஆற்றின் தரை கீழே போய்க்கொண்டிருந்தது. பாறைமேல் இருந்த நந்தி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தும் அதன் கால் நனையவில்லை. "சாமி புண்ணியம், வெள்ளம் கம்மி" என்று சந்தோஷப்பட்டார்களே தவிர, லாரிகளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஊரில் ஒருவர் புத்திக்கும் உறைக்கவில்லை.

அந்த ஐப்பசியில் ஒருநாள் சித்தப்பாவின் கைக்குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. டாக்டர் இருந்தது அக்கரையில். டாக்டரை அழைத்துவரப் பாலத்தைச் சுற்றிப் போகத்தான் சித்தப்பா கிளம்பினார். நான் துணி அலசிக்கொண்டிருந்த படித்துறையில் நின்ற அப்பாதான் அவரைத் தடுத்தார்.

"ஏலே, புள்ளைக்கு முடியாத நேரத்துல எதுக்குச் சுத்துத? நந்தி காலு நனையல்ல, பாரு. பைய இறங்கிப் போ."

அண்ணன் பேச்சைத் தட்டாத தம்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பாதி ஆற்றில் அவர் காலுக்குத் தரை கிடைக்கவில்லை. ஒருமுறை கை தெரிந்தது. அப்புறம் அப்பா கத்தியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. கீழே அணைக்கட்டில்தான் உடல் ஒதுங்கியது. குழந்தையின் காய்ச்சல் மறுநாள் தானாகவே இறங்கிவிட்டது.

அதன்பின் சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார். அப்பாவுக்கு வேளை தவறாமல் இலை போட்டுப் பரிமாறுவார். ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை. மன்னித்துவிட்டார் என்றே நாங்கள் எல்லோரும் நம்பினோம், அப்பா உட்பட.

இப்போது படித்துறைக்குப் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. பைக்கில் போகிறவர்கள் மண்டபத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆற்றில் மணல் என்று சொல்ல ஒரு கைப்பிடி இல்லை, குழிகளுக்கு நடுவே சீமைக் கருவேல்தான் மண்டிக் கிடக்கிறது. போன மாதம் அப்பா காலமானார். சாம்பலை எங்கள் படித்துறையில் கரைக்க என் தம்பி சொம்பை எடுத்தபோது, சித்தி அடுக்களையிலிருந்து வெளியே வந்தார்.

"ஒங்க அப்பாவ அங்கன கொண்டு போவாதிய. எங்க வீட்டுக்காரராவது நிம்மதியாக் கெடக்கட்டும்."

பாபநாசத்துக்குக் கொண்டுபோய்க் கரைத்தோம். அங்கே கரைத்த சாம்பலும் ஆற்றோடு இந்த வழியாகத்தான் இறங்கி வரும் என்பதைச் சித்தியிடம் நாங்கள் சொல்லவில்லை.