ஏரிக்கு ஆறு நிமிஷம்

எங்க வீட்டுக்காரர் பஸ் டிப்போவுல முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பரா இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புச்சு, எப்ப வந்துச்சு, லேட்டுன்னா ஏன் லேட்டுன்னு நோட்டுல எழுதணும். காரணம் எழுதுற கட்டத்தை ஒருநாளும் காலியா விட்டதே இல்லையாம். பொண்ணு கல்யாணத்துல சம்பந்தி வீட்டார்கிட்டயும் இதைத்தான் சொல்லிட்டிருந்தார். அந்த பஸ்ல அவர் ஏறிப் போனதே கிடையாதுங்கறது வேற விஷயம். டிப்போ எங்களுக்கு அடுத்த தெரு.

அவர் ரிட்டயர் ஆனதும் பொண்ணு டிக்கெட் எடுத்துக் கொடுத்தா. வெளிநாடு, முழுக்க மலை, எட்டு நாள், டிரைவரோட காரு. எனக்கு ஒரே ஒரு ஆசைதான். மலைக்கு மேல ஒரு ஏரி இருக்கு, போட்டோவுல பார்த்தேன். அந்தக் கரையில ஒரு மணி நேரம் உட்காரணும். எங்க என் சட்டை, எங்க என் கண்ணாடின்னு யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது.

"ஒரு மணி நேரம் உட்கார்ந்து என்ன செய்வே?"ன்னார்.

"சும்மா இருப்பேன்."

நான் என்னவோ அவர் கிட்னியைக் கேட்ட மாதிரி முழிச்சார்.

மறுநாளே திட்டம் போட ஆரம்பிச்சாச்சு. சாப்பாட்டு மேஜை பூரா மேப். ரெண்டு மாசம் தரையில உட்கார்ந்து சாப்பிட்டோம். மேப்புல நூலை வெச்சு ரோட்டை அளந்து, நம்ம ஊர் பஸ் வேகத்துக்குக் கணக்குப் போட்டார். "அது மலைங்க, ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும்"னேன். "முப்பத்தோரு வருஷ அனுபவம்டீ"ன்னு என் வாயை அடைச்சார். கடைசியில வந்துச்சு அட்டவணை, பதினாலு பக்கத்துக்கு. டீ குடிக்க எட்டு நிமிஷம். பாத்ரூமுக்கு அஞ்சு. நான் அவசர அவசரமா ஏரியைத் தேடினேன். 'ஏரி: இறங்குதல், பார்த்தல், ஏறுதல் - 6 நிமிடம்.'

வந்துச்சே எனக்குக் கோவம்! "என் முட்டிக்கு இறங்கவே மூணு நிமிஷம் ஆகும்"னேன். சொன்னது தப்பாப் போச்சு. ஹால்ல நாலு நாற்காலியைப் போட்டு, அதுதான் காருன்னு சொல்லி, என்னை இறங்கி ஏற வெச்சார். கையில கடிகாரம் வேற. மூணாவது தடவை நாற்காலியைத் தள்ளிவிட்டுட்டு சமையல்கட்டுக்குப் போயிட்டேன். சாயந்திரம் திருத்தம் வந்துச்சு: 8 நிமிடம்.

"போதுமா?"ன்னார். பெரிய வள்ளல்!

போனோம். முதல் நாளே ஏரி. பதினொண்ணாவது வளைவுல அவர் முகம் வெளுத்துப் போச்சு. பதினாலுல நூலையும் அனுபவத்தையும் மறந்துட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். ஏரிக்கரையில காரு நின்னதுதான் தாமதம், கதவைத் திறந்து வாந்தி. வாயைக் கொப்பளிக்க வெச்சு, நெத்தியில ஈரத் துண்டைப் போட்டு, பின் சீட்டுல படுக்க வெச்சேன்.

"எட்டு நிமிஷம் ஆயிடுச்சுங்க"ன்னேன், குத்தலாத்தான்.

"பேசாதே, தலை சுத்துது. போய் உட்காரு."

போய் உட்கார்ந்தேன். தண்ணியில மலை அப்படியே தலைகீழாத் தெரிஞ்சுது. ஐயோ பாவம், மனுஷன் அங்க கிடக்கறாரேன்னு ரெண்டு தடவை தோணுச்சு. ஆனாலும் எழுந்திருக்கலை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை.

மத்தியானம் ரூம்ல அவர் குளிக்கப் போனதும், கிண்டல் பண்ணலாமேன்னு அவர் நோட்டை எடுத்தேன்.

'ஏரி வருகை 10.40. வாந்தி 10.41. உடல் சரியானது 10.52. புறப்பாடு 11.47.'

பக்கத்துலயே 'தாமதக் காரணம்'னு கட்டம். அதுல ஒண்ணுமே எழுதலை.

அடப்பாவி மனுஷா! பதினோரு நிமிஷத்துல சரியாயிட்டு, மிச்ச நேரம் முழுக்கக் கண்ணை மூடிப் படுத்து நடிச்சிருக்கார். நடிப்பு வந்துச்சு, நோட்டுல பொய் எழுத மட்டும் கை வரலை. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நோட்டை இருந்த இடத்துலயே வெச்சேன்.

தலையைத் துவட்டிக்கிட்டே வந்தார். "ஏரியில மட்டும் அம்பத்தொம்பது நிமிஷம் லேட்டு. இன்னிக்கு சாயந்திரம் டீ கட்"ன்னார்.

கல்யாணமாகி முதல் தடவையா, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாம, "சரிங்க"ன்னேன்.