பன்னிரண்டு லிட்டரில் எவ்வளவு தூரம்? முட்டுக்காட்டிலிருந்து ஒரு டிரம் படகுப் பயணம்

சென்ற மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: சொந்தமாக மிதவைப் படகு கட்டி, மோட்டார் பூட்டி, கால்வாயில் நீண்ட தூரம் போக ஆசை, பெட்ரோல் எவ்வளவு எடுத்துப் போவது? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். 1991 கிறிஸ்துமஸ் விடுமுறையில் கற்றுக்கொண்டது. கூடவே என் சகலை சேவியரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவனை விட்டுவிட்டு இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. முயன்று பார்த்தேன், முடியவில்லை.

என் மனைவி ரெஜினாவின் தங்கை லூர்துவைக் கட்டியவன் சேவியர். டிப்ளமோ முடித்து, கிண்டியில் பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு, ஒரகடம் கூட்டுரோட்டில் வெல்டிங் ஷெட் போட்டிருந்தான். இன்று அந்த இடத்தில் ஆறு வழிச் சாலையும் கார் கம்பெனிகளும்தான். அன்று ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, சேவியரின் ஷெட், சுற்றிலும் நெல். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மாதச் சம்பளம், ஞாயிறு லீவு. மாமனார் மரியசூசைக்குப் பிள்ளைப்பாக்கத்தில் நிலம். அவர் வீட்டுக்கு நான் போனால் "வாங்க மாப்ளே" என்று நாற்காலி போடுவார். சேவியர் போனால் எழுந்து வாசலுக்கே வந்துவிடுவார். மூத்த மாப்பிள்ளை நான். எழுந்தது அவனுக்கு. எட்டு வருஷம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் நெம்மேலியைத் தாண்டி ஒருவர் புதிதாக இறால் பண்ணை போட்டிருந்தார். பெயர் சுந்தரம். முட்டுக்காட்டில் வந்து இறங்கும் தீவனத்தைக் கால்வாய் வழியாகப் பண்ணைக்கு ஏற்றிப் போக அவருக்கு ஒரு படகு வேண்டும். ஒரு தடவை டேங்க் நிரப்பினால் போய்த் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சேவியர் எட்டு எண்ணெய் டிரம்களை இரண்டு வரிசையாக அடுக்கி, இரும்புச் சட்டம் போட்டு, மேலே பலகை அடித்துப் படகைக் கட்டினான். காசிமேட்டிலிருந்து பழைய மோட்டார் ஒன்றை வாங்கிவந்து பின்னால் பூட்டினான். டேங்க் பன்னிரண்டு லிட்டர். ஷெட்டுக்கு வந்த முதல் பெரிய வேலை அது. லூர்து அப்போது ஆறு மாதக் கர்ப்பம். இந்தப் படகு போனால் இன்னும் நாலு படகு வரும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் நடுவில் பிள்ளைப்பாக்கம் ஏரி கரை தொட்டு நின்றது. அங்கேதான் சோதனை ஓட்டம். ஏறியது சேவியரும் நானும் மட்டும். கரையோர தூரத்தை நான் முன்னமே மொபெட்டில் போய் அளந்து வைத்திருந்தேன். அளப்பது என் தொழில், அதனால் எனக்குக் கிடைத்த வேலையும் அதுதான். மூன்று லிட்டர் ஊற்றினோம். சரியாக ஒரு மணி நேரம் ஓடியது, ஏழு கிலோமீட்டர் வந்தது.

"அண்ணே, கணக்கு முடிஞ்சுது. பன்னெண்டு லிட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். பண்ணைக்குப் போய்வர இருபத்தாறு. ரெண்டு மிச்சம்" என்றான் சேவியர்.

"தண்ணி அசையாம கீது, ஆளும் ரெண்டு பேர்தான். இத்த வெச்சு எப்டி சொல்றே?" என்றேன்.

"நீங்க எல்லாத்துக்கும் பயப்படுவீங்கண்ணே" என்று சிரித்தான். கரையில் நின்ற ரெஜினாவும் சிரித்தாள். சேவியர் பேசினால் அவள் சிரிப்பாள். நான் பேசும்போது அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அங்கேயே யோசித்தேன். அவன் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று அப்போதுதான் முதல் தடவையாக ஆசைப்பட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு, படகைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். டிரைவர் கண்ணாடிக்கு மேலிருந்த வல்லக்கோட்டை முருகனைத் தொட்டுக் கும்பிட்டார், எங்கள் மாமனார் சிலுவை போட்டுக்கொண்டார், வண்டி நகர்ந்தது. ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாக முட்டுக்காடு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அன்றைய சாலையில் இரண்டு மணி நேரம் பிடித்தது. லாரி வாடகை அறுநூறு ரூபாய். படகைக் கோர்த்துத் தண்ணீரில் இறக்கும்போது மணி பதினொன்று.

ஏறியது ஐந்து பேர்: மாமனார், ரெஜினா, லூர்து, சேவியர், நான். தீவனத்துக்குப் பதிலாக ஆறு மூட்டை மணல். லூர்து வரவேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம், கேட்கவில்லை. "எங்க வூட்டுக்காரர் கட்டின போட்டு, நான் ஏறாம யாரு ஏறுவா?" என்று முதல் ஆளாக நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கால்வாயை நான் சொல்ல வேண்டும். மழைத் தண்ணீர் இறங்கி, பழுப்பாக, நிறைந்து கிடந்தது. இடது பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் கடல் சத்தம். வலது பக்கம் உப்பங்கழி, வெள்ளைக் கொக்குகள். கோவளம் தாண்டியதும் ரெஜினா எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களைப் பிரித்தாள். முதல் பொட்டலம் சேவியருக்குப் போனது. மோட்டார் பிடித்திருப்பவன் அவன், கை ஓய்ந்திருக்காது, அதனால்தான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் கையில் ஒரு மூங்கில் குச்சி. டேங்கில் விட்டுப் பார்ப்பதற்காக லிட்டர் லிட்டராகக் கோடு போட்டு வைத்திருந்தேன். திருவிடந்தை தாண்டியபோது எனக்குள் ஏதோ உறுத்தியது. ஏரியில் போனதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தோம். ஐந்து பேரும் மணல் மூட்டையும் ஏறியிருக்கும் படகு மெதுவாகத்தானே போக வேண்டும்? மாமனாரின் தோள் துண்டைப் பார்த்தேன். அது முன்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

வடநெம்மேலி. பத்து கிலோமீட்டர். குச்சியை விட்டேன். நாலரை லிட்டர் போயிருந்தது. ஏழரை மிச்சம்.

"பாத்தீங்களா மாமா? மிச்சம் பதினாறு கிலோமீட்டருக்கு ஏழரை தாராளம்!" என்று சேவியர் மாமனாரிடம் கத்தினான். மாமனார் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

சும்மா இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது உண்மை. இன்னும் மூன்று கிலோமீட்டர் போய்ப் பண்ணையைத் தொடுவான், திரும்புவான், எதிர்காற்றில் பாதி வழியில் மோட்டார் நிற்கும், எல்லோரும் பார்ப்பார்கள். அந்தக் காட்சியை ரசித்துக்கொண்டே லூர்துவைப் பார்த்தேன். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கொக்குகளைக் காட்டி ரெஜினாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சேவியர், திருப்பு" என்றேன்.

"இன்னாண்ணே? பண்ணை அதோ வந்துடுச்சு."

"காத்து தள்ளிகினு வருது. இதே காத்து திரும்பும்போது மூஞ்சில அடிக்கும். மணிக்கு அஞ்சுக்கு மேல போவாது. இங்கயே திரும்பினாதான் போய்ச் சேருவோம். பண்ணைக்குப் போனா நடுவுல நிக்கணும். லூர்துவ வெச்சுகினு சேத்துல எறங்கி நடப்பியா?"

அவன் துண்டைப் பார்த்தான். குச்சியை வாங்கி அவனே டேங்கில் விட்டுப் பார்த்தான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்கும். "ஆமாண்ணே. நான் இத்த நெனைக்கல" என்று சொல்லிவிட்டு மோட்டாரைத் திருப்பினான்.

மாமனார் தலையை ஆட்டினார். "பெரியவங்க சொன்னா டக்குனு கேட்டுக்கிறான் பாரு. அந்தக் குணம் யாருக்கு வரும்?"

சொன்னது நான். பெயர் அவனுக்கு.

திரும்பியதும் காற்று கன்னத்தில் அறைந்தது. அலை பலகைக்கு மேல் ஏறியது. மாமனார் துண்டை லூர்துவுக்குப் போர்த்திவிட்டார். போகும்போது ஒன்றேகால் மணி நேரம் ஓடிய தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. கோவளத்துக்கு அருகில் மோட்டார் ஒருமுறை இருமியது. ரெஜினா நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "எவ்ளோ கீது?" என்று மெல்லக் கேட்டாள். "போதும்" என்றேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். முட்டுக்காடு பாலம் தெரிந்தபோது குச்சியின் முதல் கோட்டுக்கும் கீழே போயிருந்தது பெட்ரோல்.

கரையில் சுந்தரம் காத்திருந்தார். "இன்னா சேவியர், பண்ணை வரைக்கும் போய்ட்டு வந்துச்சா?"

சேவியர் குனிந்து படகுக் கயிற்றை இறுக்கினான். லூர்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டினார், 'ஆமாம்' என்று சொல்லிவிடு என்பதுபோல. கடைசியில் சேவியர், "அளந்தது அண்ணன்தான். அவர கேளுங்க" என்றான்.

"போகலீங்க" என்றேன். "வடநெம்மேலியில திரும்பிட்டோம். இந்தக் காத்துல, இந்த லோடுக்கு, ஒரு டேங்க்ல போய்வர இருபதுதான். இருபத்தாறு வராது."

சுந்தரம் படகைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யோசிச்சு சொல்றேன்" என்று கிளம்பினார். லூர்து மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். (தை மாதம் சேவியர் இன்னொரு டேங்க் பொருத்திக் காட்டினான், சுந்தரம் எடுத்துக்கொண்டார், அதன் பிறகு ஒன்பது படகுகள். ஆனால் அன்றைக்கு இதெல்லாம் யாருக்கும் தெரியாது.)

இனி, கேட்ட வாசகருக்கு. சோதனை ஓட்டத்தை, போகப்போகும் பாரத்தோடு செய்யுங்கள். இரண்டு பேரோடு செய்த சோதனை ஐந்து பேருக்கு உதவாது; ஏரியில் மணிக்கு மூன்று லிட்டர் குடித்த மோட்டார், பாரத்தோடு மூன்றரைக்கு மேல் குடித்தது. ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று பாருங்கள், கிலோமீட்டருக்கு எத்தனை என்று பார்க்காதீர்கள். மோட்டார் நேரத்துக்குத்தான் குடிக்கிறது, தூரம் காற்றின் கையில். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் ஒரு பங்கு என்று மூன்றாகப் பிரியுங்கள். எங்கள் பன்னிரண்டில் நாலு லிட்டர் தீர்ந்ததுமே திரும்பியிருக்க வேண்டும். நாங்கள் அரை லிட்டர் தாமதம். டிசம்பர், ஜனவரியில் வடக்கிலிருந்து காற்று வரும், ஆகவே முடிந்தால் முதலில் வடக்கே போங்கள், திரும்பும்போது காற்று உதவும். எல்லோருக்கும் மிதவைச் சட்டை வேண்டும். எங்களிடம் இல்லை, அது முட்டாள்தனம். இப்போது கால்வாய் பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது, விசாரித்து, அனுமதி வாங்கி இறங்குங்கள்.

ஊர் திரும்பும்போது பெண்களும் மாமனாரும் முன்னால் பஸ்ஸில் போய்விட்டார்கள். லாரியில் டிரம்களுக்கு நடுவே சேவியரும் நானும். கேளம்பாக்கம் தாண்டியதும் அவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"சுந்தரம்கிட்ட 'போகலை'ன்னு சொன்னீங்களே, அப்போ உங்களுக்குக் கொஞ்சம் சந்தோசமா இருந்துச்சா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"இருந்துச்சு" என்றேன்.

அவன் டிரம்மில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "இருந்துட்டுப் போவட்டும்ணே. ஆனா கரெக்டா சொன்னீங்க. நீங்க சொல்லாம இருந்திருந்தா லூர்துவ வெச்சுகினு இன்னா பண்ணியிருப்பேன்?"

அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். வண்டலூர் வரும்வரை அதையே நினைத்துப் பொருமிக்கொண்டு வந்தேன்.