நாற்பத்தொரு மூக்கு

குடியிருப்பில் அவருக்கு வைத்த பெயர் மோப்பம். முகத்துக்கு நேரே ‘அண்ணே’ என்பார்கள். படி இறங்கியதும், “மோப்பம் உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயாச்சா?” என்று விசாரிப்பார்கள். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். கம்பிச்சுருள் கருகியதா, பிரேக் கட்டை தேய்ந்ததா என்று மோட்டாரைத் திறக்கும் முன்பே வாசனையை வைத்துச் சொல்லிவிடுவார். அவர் ஓய்வு பெற்ற வருடம் சமூகக் கூடத்தில் வீட்டுத்தோட்டத் திட்டம் ஆரம்பித்தது. சேரும் குடும்பத்துக்கு ஒரு மக்குத் தொட்டி, நான்கு செடிப்பை, விதை. கடை உரமும் பூச்சிமருந்தும் கூடாது. சமையலறைக் கழிவை மக்க வைத்து, அதிலேயே கீரையும் தக்காளியும் வளர்க்க வேண்டும். நாற்பத்தொரு குடும்பம் சேர்ந்தது. முதல் மாதமே பாதித் தொட்டி நாறியது. யாராவது வாராவாரம் வீடு வீடாகப் போய்ப் பார்த்தால்தான் சரிவரும் என்றார் அமைப்பாளர். கூடத்தில் எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். இவர் கை தூக்கினார்.

அதிலிருந்து சனிக்கிழமையானால் அவருக்கு வீட்டில் கால் தங்காது. மூடியைத் திறப்பார். ஒரு மூச்சு இழுப்பார்.

“நேத்து மீன் போட்டீங்களா?”

“இல்லையே அண்ணே.”

“அப்ப முந்தாநேத்து.”

அந்த வீட்டில் அன்று முழுக்க அதே சிரிப்புதான்.

நான்காம் வருடம் அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல். காய்ச்சல் போனது, வாசனையும் கூடவே போனது. நாலு நாளில் திரும்பிவிடும் என்று இருந்தார். திரும்பவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. உரம் கறுத்திருக்கிறதா என்று பார்த்தார். விரலால் நசுக்கிப் பார்த்தார். உதிர்ந்தால், “ரெடி, எடுத்துப் போடுங்க” என்றார். முன்போலவே குனிந்து மூச்சையும் இழுத்தார், வெறுமனே. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தப் பருவத்தில் எல்லா வீட்டுக்கும் தக்காளி நாற்று வளர்க்கும் பொறுப்பு தையல்காரம்மாவுடையது. முதல் மாடிக் கடைசி வீடு. பால்கனியில் காலை வெயில் நன்றாக விழும். தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளி, துணி வெட்டும் பலகையில் இருநூறு நாற்றை வரிசையாக வைத்திருந்தார். உரம் நிறைய வேண்டுமே என்று காய்கறிக் கடையில் மிஞ்சிய இலையைக் கூடை கூடையாகக் கேட்டு வாங்கித் தொட்டியில் போட்டிருந்தார். மோப்பம் வந்தார். பார்த்தார், நசுக்கினார், “ரெடி” என்றார்.

உரத்தை நாற்றுக்குப் போட்ட நான்காம் நாள் இலை ஓரம் கருகியது. ஆறாம் நாள் இருநூறும் படுத்துவிட்டது.

படிக்கட்டில் பேச்சு அடிபட்டது. “சிலருக்குக் கை ராசி அப்படி. அவங்ககிட்ட கொடுத்திருக்கவே கூடாது” என்றார் மூன்றாம் மாடி டீச்சர். தையல்காரம்மா தொட்டியைத் திருப்பித் தந்துவிடப் போகிறார் என்றும் சேதி வந்தது. மோப்பம் நேரே முதல் மாடிக்குப் போனார். தொட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எடுத்த உரம் ஒரு வாளியில் மிச்சம் இருந்தது.

“தண்ணி கூடிப்போச்சு அண்ணே. என் தப்புதான். எனக்கு இது ஒத்து வராது.”

மோப்பம் வாளியிலிருந்து ஒரு கை அள்ளி மூக்கருகில் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை. கையை அந்தம்மாவிடம் நீட்டினார்.

“நீங்க மோந்து சொல்லுங்கம்மா.”

“கண்ணு எரியுது.”

“இப்பவா?”

“அன்னைக்கே எரிஞ்சுது அண்ணே. நீங்க ரெடின்னு சொன்னீங்க. நீங்க சொன்னதுக்கு அப்புறம் நான் என்னத்தப் பேசறதுன்னு விட்டுட்டேன்.”

மோப்பம் உரத்தை வாளியில் போட்டுவிட்டு வெளியே வந்தார். இரண்டு படி ஏறினார், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இந்தப் பெயர் போனால் தனக்கு இந்தக் கட்டடத்தில் என்ன மிச்சம் என்று யோசித்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அந்தம்மாவோடு போய்விடும். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. படியில் உட்கார்ந்தபடியே மகளுக்குப் போன் போட்டார். மகள் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்.

“உரம் முழுசா மக்கிடுச்சான்னு மூக்கு இல்லாம எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“யாருக்கு மூக்கு இல்ல?”

“எனக்கு.”

“எவ்வளவு நாளா?”

“ஏழு வாரம்.”

“எத்தனை தொட்டிக்கு ரெடி சொன்னீங்க?”

“ஒன்பது.”

அவள் திட்டவில்லை. “அம்மா இருந்திருந்தா உங்கள ஒரு வழி பண்ணியிருப்பாங்க” என்று மட்டும் சொன்னாள். பிறகு இரண்டு சோதனை சொன்னாள். ஈர உரத்தை ஒரு பையில் போட்டு இறுக்கக் கட்டி மூன்று நாள் வைக்க வேண்டும். பை உப்பினால் இன்னும் மக்கவில்லை. ஒரு கப் உரத்தில் பத்து முள்ளங்கி விதை போட வேண்டும். குறைந்தது எட்டு முளைக்க வேண்டும். அவர் இரண்டையும் மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

மெக்கானிக்குகளிடம் ஒரு கறார் உண்டு. பழுது என்று தெரிந்த நிமிஷமே பலகையை மாட்டிவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவர் பழைய கருவிப்பெட்டியிலிருந்த பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். ‘பழுது. பயன்படுத்த வேண்டாம்.’ கூடமே சிரித்தது. அவர் சிரிக்காமல் நின்றதைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

“எனக்கு மோப்பம் போயி ஏழு வாரம் ஆச்சு. மறைச்சுட்டேன். அந்த நாத்து செத்தது என்னாலதான். அவங்க கைக்கு ஒரு குறையும் இல்ல.”

டீச்சர் எழுந்தார். “அப்ப இத்தனை நாளா எங்க தொட்டிக்குள்ள தலைய விட்டதெல்லாம்?”

“ஏழு வாரம் சும்மா.”

“நல்லா நடிச்சீங்க.”

“ஆமா.”

அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று டீச்சர் எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். வயதாகிறது, இனி ஓய்வெடுக்கலாமே என்று அமைப்பாளர் பதமாக ஆரம்பித்தார். மோப்பம் பலகையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஓய்வுக்கு என்ன அவசரம்? ஒன்பது தொட்டிய திரும்பப் பாக்கணும். நாத்து மறுபடி போடணும். சனிக்கிழமை வழக்கம்போல வருவேன். இனி மூக்கு உங்களுது. நீங்க மோந்து சொல்லுங்க, என்ன செய்யணும்னு நான் சொல்றேன். எனக்குப் பயந்துகிட்டு யாரும் வாய மூட வேணாம்.”

தையல்காரம்மா கடைசி வரிசையில் இருந்தார். “நாத்த மறுபடி நானே போடறேன்” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

ஒன்பதில் நான்கு பை உப்பியது. அந்த நான்கு வீட்டிலும் உரத்தைத் திரும்பத் தொட்டியில் கொட்டிக் கிளறினார். ஆறு மாடியும் படியேறித்தான் போனார். மூட்டை தூக்கினால் லிஃப்ட் அழுக்காகும் என்றார். நாற்று மூன்று வாரம் பிந்தியது. ஆனால் நாற்பத்தொரு வீட்டுக்கும் வந்தது.

மோந்து சொல்வது ஆரம்பத்தில் யாருக்கும் வரவில்லை. “ஒரு மாதிரி இருக்கு” என்பார்கள். “எந்த மாதிரி?” என்று விடமாட்டார்.

“எங்க வீட்டுக்காரர் சாக்ஸ் மாதிரி.”

“எத்தனாவது நாள் சாக்ஸ்?”

“மூணாவது.”

“காஞ்ச இலை ரெண்டு கை போடும்மா. அஞ்சாவது நாள் சாக்ஸ்னா மரத்தூளும் சேர்த்துப் போடணும்.”

டீச்சரின் தொட்டியிலிருந்து நெடி படிக்கட்டு வரை வந்தது. மூடியைத் திறந்து, “நல்லாத்தானே இருக்கு” என்றார் டீச்சர். தண்ணீர் வாளியோடு அந்தப் பக்கம் வந்த தையல்காரம்மா நின்றார். “டீச்சர், உங்க பிள்ளைங்க இப்படிச் சொன்னா எத்தனை மார்க் போடுவீங்க?” டீச்சர் மறுபடி குனிந்தார். “கண்ணு எரியுது” என்றார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது பதினோரு மாதம். கடைசி ஐந்து வாரம் மருத்துவமனையில். ஒவ்வொரு சனிக்கிழமையும் மகளிடம் அன்றைய கிழமை என்ன என்று கேட்டார். வாசனை கடைசிவரை திரும்பவில்லை.

அவர் போன அடுத்த சனிக்கிழமை மகள் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். காலை பத்து மணிக்குக் கதவு தட்டினார்கள். தையல்காரம்மா. அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது.

“நாப்பது வீடு ஆச்சு. இதான் கடைசி. தொட்டி எங்கம்மா?”

மகள் பால்கனிக்குக் கூட்டிப் போனாள். ஐந்து வாரத்துக்கு மேல் யாரும் திறக்காத தொட்டி. தையல்காரம்மா மூடியை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

“நீங்களே பாருங்கக்கா. எனக்கு இதெல்லாம்…”

“நான் பாக்க மாட்டேன். உங்க வீட்டுத் தொட்டி. நீ மோந்து சொல்லு.”

மகள் மண்டியிட்டாள். மூச்சு இழுத்தாள். கொஞ்ச நேரம் தலையை நிமிர்த்தவில்லை. தையல்காரம்மா அவசரப்படுத்தவில்லை.

“ஒரு மாதிரி இருக்கு” என்றாள் மகள்.

“எந்த மாதிரி?”

மறுபடி இழுத்தாள். “புளிப்பு. கெட்டுப்போன பழம் மாதிரி.”

“காஞ்ச இலை ரெண்டு கை போட்டுக் கிளறிவிடு. வீட்ட ஒழிச்சா ஒழி, தொட்டிய ஒழிக்காத. அடுத்த சனிக்கிழமை வருவேன். இருப்பேல்ல?”

“இருப்பேன்” என்றாள் மகள். தொட்டி பக்கத்தில் இருந்த இலை மூட்டையின் வாயை அவிழ்த்தாள்.