சாம்பிராணி வாசனையும் மிச்ச டாங்கியும்

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியபோது, முதலாளி கடையின் பின்சந்தில் நின்று கம்ப்ரஸர் பைப்பை ஜன்னல் வழியாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதவர்போல் இருந்தார். நானும் நிற்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பூக்கடைகளில் கூட்டம். ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். துறைமுக ஊரான கிள்ளானில் முனியாண்டி என்றொரு கூட்டாளி இருந்தான். அவனிடம் போவது என்பதைத் தவிரத் திட்டம் ஒன்றும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. காப்பாரில் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு மீன் படகு, செம்பனைத் தோட்டம், லோரி, செமினியில் கட்டட வேலை என்று சுற்றிவிட்டு அந்த டைவிங் கடைக்கு வந்திருந்தேன். நீந்தத் தெரியும், கனம் தூக்க முடியும். அது போதுமாக இருந்தது.

மிச்சக் காற்று

கடையில் என் வேலை, கடலுக்கடியில் மூச்சுவிட முதுகில் மாட்டும் டாங்கிகளில் காற்று நிரப்புவது. முதலாளி மாதத்தில் சில வாரக்கடைசிகளில் ஆட்களை வேனில் ஏற்றி மெர்சிங் வரை ஓட்டிப் போவார். அங்கிருந்து படகில் தீவுப் பக்கம் பவளப்பாறைக்குப் போவோம். நிரப்பிய டாங்கிகளை நாங்களே கொண்டுபோக வேண்டும். அங்கே அப்போது நிரப்ப வசதி கிடையாது.

ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக நிரப்பிய டாங்கி வாடிக்கையாளருக்கு. உதவியாளான நான் இறங்குவது போன தடவை யாரோ பாதியில் விட்ட டாங்கியில். நங்கூரம் பாறைமேல் விழாமல் மணலில் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, முதல் ஆளைக் கொஞ்ச நேரம் சுற்றிக் காட்டிவிட்டு மேலே வர அந்தப் பாதி போதும். இதை யாரும் குறையாக நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை.

டாங்கிக்குள் என்ன காற்று போகிறது என்பது கம்ப்ரஸர் எங்கிருந்து மூச்சு இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. எங்கள் கம்ப்ரஸர் பின்னறையில் இருந்தது. காற்று இழுக்கும் பைப் ஜன்னல் வழியாகச் சந்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அறைக்குள் இருக்கிற காற்றை அது இழுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை

எப்போதும் வியாழக்கிழமையே நிரப்பி முடித்துவிடுவோம். அந்த வாரம் கம்ப்ரஸர் பெல்ட் அறுந்துவிட்டது. புது பெல்ட் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வந்தது. சாயங்காலம் வரை மெஷின் ஓடியது. நடுவில் நல்ல மழை.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் முதலாளி தூபக்காலில் கரி மூட்டி, சாம்பிராணி போட்டு, கல்லாவிலிருந்து ஆரம்பித்துக் கடை முழுக்கப் புகை காட்டுவார். கடைசியாகப் பின்னறைக்குப் போய்க் கம்ப்ரஸருக்குக் காட்டிவிட்டு, தூபக்காலை அதன் காலடியிலேயே வைத்துவிடுவார். கரி தானாக அணையும். மற்ற வாரங்களில் அந்நேரம் மெஷின் ஓடாது.

நான் வாசலில் வேனில், தண்ணீரில் அமிழ இடுப்பில் கட்டும் வெயிட் பெல்ட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே போனபோது பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தால் ஒரே புகை. மழைத்தண்ணீர் இறங்கிவிடும் என்று முதலாளி பைப்பை உள்ளே இழுத்துப்போட்டு ஜன்னலை அடைத்திருந்தார். கடைசி டாங்கிகள் நிரம்பி முடிந்திருந்தன.

“பாஸ், புகை உள்ள போயிருக்குமே?”

“ஃபில்டர் எதுக்குலா வச்சிருக்கு? சாமி புகையைப் போயி குத்தம் சொல்றியே. ஏத்து, ஏத்து, மணியாச்சு.”

ஃபில்டர் மாற்ற வேண்டிய காலம் தாண்டியிருந்தது. அது இருவருக்கும் தெரியும். ஏற்றினேன்.

மேசைப் பவளம்

இரவெல்லாம் வேனில் போய், மறுநாள் காலை கடலில் முதலில் இறங்கியது நானும் கனகசபை ஐயாவும். அவர் பிரிக்பீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க ஆபீசில் பெரிய உத்தியோகம். பவளத்தை யாராவது காலால் தட்டினால் படகுக்கு வந்ததும் அவரிடம் ஏச்சு வாங்க வேண்டும். “அது கல்லு இல்லையடா, உயிர்” என்பார். அவர் இருக்கிற படகில் பழைய ஆட்களும் காலை மடக்கிக்கொண்டுதான் நீந்துவார்கள்.

ஐம்பது அடியில் நங்கூரம் சரியாக மணலில் கிடந்தது. தண்ணீர் தெளிவு. கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும் சத்தம் கேட்டது. நான் கயிற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஐயா ஒரு மேசைப் பவளத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். அகலமாகத் தட்டுப்போல் வளரும் பவளம் அது. ஒரு ஓரம் அவர் கனத்தில் உடைந்து கீழே விழுந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. அவருடைய டாங்கி கேஜைப் பார்த்தேன், காற்று நிறைய இருந்தது. மேலே போவோம் என்று கட்டைவிரலைக் காட்டினேன். தலையாட்டினார், ஆனால் எழவில்லை. கையைத் தூக்கி மீன்களை எண்ணுகிறவர்போல் ஆட்டிக்கொண்டிருந்தார். அவருடைய டாங்கி வால்வைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, குமிழி வருகிறதா, மூச்சு விடுகிறாரா என்று பார்த்துப் பார்த்து மெதுவாக மேலே கொண்டுவந்தேன்.

படகில் தூக்கிப் போட்டதும் வாந்தி எடுத்தார். மண்டை வெடிக்கிறது என்றார். முகம் நன்றாகச் சிவந்திருந்தது.

முதலாளி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “சீசிக்லா, கடல் ஒத்துக்கல. காலையில நாசி லெமாக் சோத்த கொஞ்சம் ஓவரா அடிச்சிட்டாரு.”

“நான் சாப்பிட்டது ரெண்டு பிஸ்கட்” என்றார் ஐயா, கண்ணைத் திறக்காமல்.

நான் அவரோடு அதே ஆழத்துக்குப் போய் வந்தவன். எனக்குத் தலைவலி இல்லை. இருவருக்கும் வித்தியாசம் டாங்கி ஒன்றுதான். என் முதுகில் இருந்தது போன தடவை மிச்சம். அவர் முதுகில் இருந்தது வெள்ளிக்கிழமை நிரப்பியது. அவருடைய வால்வை லேசாகத் திறந்து மூக்கை வைத்தேன். சாம்பிராணி. பக்கத்தில் கட்டியிருந்த டாங்கியிலும் அதே. முதலாளியைக் கூப்பிட்டேன். அவரும் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

“வாசனைதானே” என்றார், குரலை இறக்கி.

“வாசனையோட கரிப்புகையும் இருக்கு பாஸ். மத்தவங்கள இறக்க வேணாம்.”

“இன்னும் அஞ்சு பேரு இருக்காங்கடா. திருப்பி அழைச்சிட்டுப் போனா ஊரெல்லாம் பேசுவாங்க, கடைய மூட வேண்டியதுதான். முப்பது அடி, பத்து நிமிஷம். ஒண்ணும் ஆகாது.”

“நீங்க முதல்ல எறங்குங்க பாஸ். அந்த டாங்கியில.”

எனக்குப் பின்னால், வந்திருந்தவர்களில் ஒரு டீச்சர் கண்ணாடி மங்காமலிருக்க மாஸ்க்கில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் அவருக்குப் பெல்ட் மாட்டிவிட்டார். முதலாளி அவர்கள் பக்கம் திரும்பி, “ரெடியா?” என்று கேட்டார்.

டாங்கிகள் படகின் நடுவில் வரிசையாகக் கட்டியிருந்தன. நான் முதல் வால்வை முழுக்கத் திறந்தேன். பிறகு அடுத்தது. டாங்கி வால்வு முழுக்கத் திறந்தால் எழுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. படகோட்டி காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். முதலாளியின் வாய் அசைந்தது, என்ன திட்டினார் என்று தெரியாது. என் கையைப் பிடித்தார். மறு கையால் திறந்தேன். எல்லாம் ஓய்ந்தபோது படகு முழுக்க வெள்ளிக்கிழமை வாசனை அடித்தது.

“என்ன இது, கோயில் மாதிரி இருக்கு?” என்றார் டீச்சர்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கே புரிந்துவிட்டது. மாட்டிய பெல்ட்டை அவிழ்த்துவிட்டுப் போய்க் கனகசபை ஐயாவின் தலையைப் பிடித்துக்கொண்டார். மெர்சிங் ஆஸ்பத்திரியில் ஐயாவுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் எங்களோடு வேனில் திரும்பினார். வழியில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“தம்பி, நான் அந்தப் பவளத்தை உடைச்சனானோ?”

“ஓரம் மட்டும் ஐயா.”

“ச்சே” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைக்கு வந்து எல்லாம் இறக்கிய பிறகு முதலாளி சொன்னார்: “நீ செஞ்சது சரியா இருக்கலாம்லா. ஆனா என் கஸ்டமர் முன்னாடி என் டாங்கிய தொறந்தவன நான் வச்சுக்க முடியாது. நாளைக்கு வராத.”

கோபமாகச் சொல்லவில்லை. நானும் சண்டை போடவில்லை. பையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள்

முனியாண்டி துறைமுகத்தில் சரக்குப் பார்ஜ்களின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டும் கும்பலில் இருந்தான். காலையில் என்னையும் கூட்டிப்போனான். அங்கே முதுகில் டாங்கி கிடையாது. சின்னப் படகில் கம்ப்ரஸர் ஓடும், அதிலிருந்து நீண்ட ஹோஸ் வழியாக ஆளுக்குக் காற்று வரும். கும்பலை மேய்க்கும் மண்டோர் ஒரு தமிழர், வெற்றிலை போட்ட வாய்.

“தண்ணிக்குள்ள வேலை பாத்திருக்கியா?”

“பவளப்பாறை பக்கம் பாத்திருக்கேன் அண்ணே.”

“இங்க பவளமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கைய நீட்டுனா கை தெரியாது. சுரண்டு, வா. அவ்வளவுதான். எறங்கு.”

கம்ப்ரஸர் காற்று இழுக்கும் வாய் முழங்கால் உயரத்தில் இருந்தது. படகு எஞ்சினின் டீசல் புகை நேராக அதன்மேல் போய்க்கொண்டிருந்தது.

“அண்ணே, இந்தப் பைப்ப மாத்திக் கட்டணும்.”

“எறங்குடா முதல்ல. பைப்ப சாயங்காலம் பாத்துக்கலாம்.”

“பாத்துட்டே எறங்கறேன்.”

அவர் முனியாண்டியைப் பார்த்தார். “எங்கேருந்து புடிச்ச இந்த இன்ஸ்பெக்டர?”

“நல்ல வேலைக்காரன் அண்ணே. கொஞ்சம் கிறுக்கு.”

மண்டோர் துப்பிவிட்டு ஒரு கயிற்றுத் துண்டை என் பக்கம் எறிந்தார்.

டைவிங் வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பவளப்பாறையில் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது பழைய ஃபில்டர். புதிது போட்டிருந்தால் அது வாசனையைப் பிடித்து வைத்திருக்கும். கரியின் விஷத்துக்கு வாசனை கிடையாது. அதை அந்த ஃபில்டர் பிடிக்காது. அப்போது எனக்கு முகர்ந்து பார்க்க எதுவும் இருந்திருக்காது. ஆகவே டாங்கியை முகராதீர்கள், கம்ப்ரஸரின் மூக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிரப்புகிறவன் தான் நிரப்பியதில் முதலில் இறங்கட்டும்.

கிள்ளானில் அந்தக் காலை, படகிலிருந்த ஒரு மூங்கிலின் நுனியில் பைப்பைக் கட்டி, காற்று வரும் பக்கமாக நிமிர்த்தி நிறுத்தினேன். ஹோஸை வாயில் வைத்து இரண்டு முறை இழுத்தேன். வாசனை ஒன்றும் இல்லை. அதை நம்பாமல் இன்னொரு தடவை அண்ணாந்து மூங்கிலைப் பார்த்துவிட்டு, கறுப்புத் தண்ணீரில் இறங்கினேன்.