விடாத பிடி

இது எனக்கு நடந்தது. என் வீட்டு முன்னறையில், பட்டப்பகலில். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது?

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் என் வலது கையை முழங்கையோடு வாங்கிக்கொண்டது. ஒன்றரை வருடம் கழித்து இன்னொருவன் கையை வைத்துத் தைத்தார்கள். பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு பையனுடையது. என்னைவிடக் கொஞ்சம் கறுப்பு. கட்டைவிரலில் ஒரு பழைய தழும்பு. மூன்று மாதமாகியும் அதில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. ஒரு விரல்கூட அசையாது.

"ஒட்டுச்செடி எப்பங்க துளிர்க்கும்?" என்று என் மனைவி கேலி செய்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி இருக்கும். அந்தப் பையனின் அம்மாவும் அக்காவும் வந்தார்கள். அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. என் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தொட்டுக்கட்டுமா தம்பி?"

நீட்டினேன். தழும்பைத் தடவினார்.

"சைக்கிள் செயின்ல விட்டுக்கிட்டான். ஏழு வயசுல."

அப்போதுதான்... ஒரு விரல் மடங்கியது.

"ஐயோ, அசையுதுங்க!" மனைவி சந்தோஷத்தில் கத்தினாள்.

நான் அசைக்கவில்லை.

அடுத்த விரல். அதற்கடுத்தது. அம்மாவின் நடு விரல்கள் மூன்றையும் அது வளைத்துப் பிடித்தது. இறுக்கியது.

"விடுங்கண்ணா, அம்மாவுக்கு வலிக்கப்போகுது," என்று அக்கா சிரித்தாள்.

விடப் பார்த்தேன். முடியவில்லை. இடது கையால் பிரித்தேன். இரும்பு.

மளுக்...

அக்காவின் சிரிப்பு நின்றது.

அம்மா கத்தவில்லை. முகம் வெளுத்து வியர்த்தது. என்னை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. கையைப் பார்த்துச் சொன்னார்.

"பிடிச்சுக்கோடா. இந்தத் தடவை உன்னைப் போகச் சொல்ல மாட்டேன்."

மளுக்.

மளுக்.

பிறகு... தானாகவே தளர்ந்தது.

மறுநாள் டாக்டர் சோதித்தார். "நரம்பு பாதி தூரம்கூட வளரல. இந்த விரல் அசைய வழியே இல்ல," என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கட்டு மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் மட்டும் சட்டென்று தன் கையை எடுத்துவிட்டாள். டாக்டர் போன பிறகு மெதுவாகப் பேசினாள்.

"அந்தப் பையனோட கையை எடுத்த அன்னைக்கு நான்தான் டியூட்டி. ரெண்டு தடவை சோதிச்சு, இறந்தாச்சுன்னு உறுதி பண்ணியாச்சு. ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளும்போது அம்மா விரலைப் பிடிச்சுக்கிட்டான். உயிர் இருக்குன்னு அந்தம்மா கதறினாங்க. செத்த உடம்புலயும் இப்படி நடக்கும், வெறும் அனிச்சைதான்னு டாக்டர் எடுத்துச் சொன்னார்."

"அப்புறம்?"

"அவங்களே 'போய்ட்டு வாடா'ன்னு சொல்லி, ஒவ்வொரு விரலா பிரிச்சுவிட்டாங்க."

"எந்தக் கை?"

நர்ஸ் என் வலது கையை ஒரு தடவை பார்த்தாள். பஞ்சை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"மூணு விரலும் முறிஞ்சிருக்குண்ணா. கட்டு போட்டிருக்கு."

"மன்னிச்சிடும்மா. நான் வேணும்னு..."

"அதுக்கில்லண்ணா..." என்று இழுத்தாள். "அடுத்த ஞாயிறும் கூட்டிட்டுப் போன்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. வேணாம்னு எவ்வளவோ சொல்லிட்டேன்."

"என்ன சொல்றாங்க?"

"இன்னொரு கை நல்லாத்தானேடி இருக்குங்கறாங்க."