கையெழுத்து விழாத சார்ஜ் நோட்டு

கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொர்ணாம்பாள் சொல்லி அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது. நோட்டு கட்டிலில் படுத்திருந்த கணவர் குற்றாலலிங்கத்தின் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு, நடுவில் ஒரு பேனா. காலையில் அவர் முகத்தைத் துடைத்துவிடும்போது அதை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைப்பாள். வெந்நீர்ச் சட்டியை அடுக்களையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது பழைய இடத்துக்கே வந்திருக்கும். எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு வாங்குகிற மனுஷனுக்கு இதற்கு மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வருமோ!

அவளுக்கு அலுப்பாக இருந்தது. சித்திரையில் அவர் படுத்தார், இப்போது ஆவணி. அதற்குப் பிறகு முழுசாக ஒரு தூக்கம் அவள் தூங்கவில்லை. கோபப்படுவதற்குக்கூட உடம்பில் சத்து வேண்டுமே, அதுவும் தீர்ந்துபோயிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடித்த பிடியை விடாமல் இருந்தாள்.

அம்பாசமுத்திரத்தில் வந்து குற்றாலலிங்கம் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். கப்பல்காரர் வீடு என்றால் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். ஆற்றுத் தண்ணீரையும் வாய்க்கால் தண்ணீரையும் தவிர வேறு தண்ணீர் பார்க்காத குடும்பம் அது. அதில் பிறந்த பிள்ளை இன்ஜினியருக்குப் படித்துவிட்டுக் கடற்படையில் போய்ச் சேர்ந்தான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? அவர் பீரங்கி சுட்டார், சண்டை போட்டார் என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். அவர் லீவில் வரும்போது சிரித்துக்கொண்டே சொல்வார்.

"நான் கடலப் பாத்ததே கொஞ்சந்தான் வே. கப்பலுக்கு அடியில கெடந்து அடுப்பு எரிச்சுக்கிட்டிருக்கேன்."

அது உண்மைதான். வெயிலே படாத இன்ஜின் அறையில் இருபத்தேழு வருஷம். அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது. வீட்டில் 'உப்புப் போடு' என்று அவர் சொன்னால் அடுத்த தெருவில் இருப்பவன் உப்பைத் தேடுவான். ஆனால் எந்த இயந்திரமாவது கோளாறு செய்தால் ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எங்கே வலிக்கிறது என்று அது அவருக்குச் சொல்லிவிடும்.

கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இன்ஜினியருக்கு மாறுதல் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட முடியாது. தன் பொறுப்பில் இருக்கிற ஒவ்வொரு இயந்திரத்தையும் பற்றி, பொறுப்பை ஒப்படைக்கிற சார்ஜ் நோட்டில் எழுத வேண்டும். எது ஓடும், எது படுத்தும், எது எந்த நேரத்தில் என்ன சத்தம் போடும் என்று ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். புதிதாக வருகிறவன் அந்த நோட்டோடு போய் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போடுவான். கையெழுத்து விழாமல் பழையவன் இறங்கக்கூடாது. அவன் ஏறவேண்டிய ரயில் போய்விட்டாலும் சரி, இருந்தே ஆகவேண்டும்.

குற்றாலலிங்கம் இந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அறுபத்தெட்டாம் வருஷம் கல்யாணமாகி மூன்றாம் மாதம் லீவு முடிந்து கிளம்புகிற அன்றைக்குப் புதுப் பெண்டாட்டி கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். அதில் ஏழு அயிட்டம். கிணற்று ராட்டினம், மழை பெய்தால் ஒழுகுகிற ஓடு, அப்பாவின் மாத்திரை என்று வரிசையாக எழுதியிருந்தது.

"நான் என்ன ஒங்க சிப்பாயா அத்தான்?" என்று அவள் அழுதாள். சொந்த அத்தை மகன், அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் அத்தான்தான்.

"சிப்பாய் இல்ல, நீதான் அடுத்த இன்ஜினியர். போய்ப் பாத்துட்டு வந்து போடு" என்றார் அவர்.

மூக்கைச் சிந்திக்கொண்டே ராட்டினத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அவர் பஸ் ஏறினார். அதிலிருந்து எத்தனை லீவோ அத்தனை நோட்டு. கொச்சியில் ஓர் இரண்டு வருஷம் அவரோடு இருந்தாள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததும் அதுவும் போயிற்று. மகள் விஜயஸ்ரீ பிறந்தபோது அவர் கப்பலில் இருந்தார். பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனபிறகு வந்து பார்த்தார். ஒரு மாதம் மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்துவிட்டுப் போகும்போது எழுதினார்: 'அயிட்டம் பதினொன்று, விஜயஸ்ரீ. இடது காதில் சீழ். குளித்ததும் துடைக்கவும். தூக்கம் வந்தால் மூக்கைத் தேய்ப்பாள்.'

பட்டியலில் மாமனார் வந்தார், பசுமாடு வந்தது, யாரோ கொண்டுவந்து விட்ட பூனைகூட ஒரு வருஷம் அதில் இருந்தது. ஒரு தடவை அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பூனை வரைக்கும் எழுதுதிய. இங்கன நான் ஒருத்தி இருக்கேன்லா? என் பேரு எங்க?"

"நீ சார்ஜ் எடுக்கவ. எடுக்கவ பேரு பட்டியல்ல வராது" என்றார். அவருக்கு அது சட்டம். அவளுக்கு அது முள். அதற்குப் பிறகு வந்த வருஷமெல்லாம் அந்த முள்ளோடுதான் வீட்டை ஓட்டினாள்.

தொண்ணூறில் ஓய்வுபெற்று வந்தார். வந்த மனுஷன் விட்டுப்போனதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்து தீர்ப்பது என்று இறங்கிவிட்டார். காலைக் காப்பி அவர் கையால்தான். பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த மகள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, பையை வாங்கிக்கொள்ள நிறுத்தத்தில் நிற்பார். கூடப் படிக்கிற பெண்கள் சிரிப்பார்கள்.

"அப்பா, நான் என்ன எல்கேஜியா?"

"எல்கேஜிக்கு நான் வரலல்லா, அதான் இப்ப வாரேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். பெண் பிள்ளை மானம் போகும். ஆனாலும் பையைக் கொடுத்துவிடும்.

மகளைப் புனேயில் கட்டிக்கொடுத்தார்கள். இனி நாம் இரண்டு பேர்தான், காசிக்குப் போவோம், குற்றாலத்துக்காவது போவோம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது, மாற்றிப் போடவா முடியும் என்று பாளையங்கோட்டை டாக்டர் கையை விரித்தார். குற்றாலலிங்கம் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து படுத்தார். ஆடி பிறந்ததும் நோட்டும் பேனாவும் கேட்டார்.

மாதம் முழுவதும் எழுதினார். முடித்துவிட்டு அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

மூன்று வீடு தள்ளி இருக்கிற தம்பி நடராஜ் வந்து கெஞ்சினான். "அக்கா, போட்டுத் தொலையேன். அத்தான் கெடந்து தவிக்காக."

"போட்டா எறங்கிருவாகலே" என்றாள் சொர்ணாம்பாள்.

பதினோராம் நாள் காலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் அவள் கையைப் பிடித்தார். கத்திப் பேசியே பழகின குரல் காற்றாகத்தான் வந்தது.

"சொர்ணம், அலுத்துப்போச்சு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று நாள் ரயிலில் நின்றுகொண்டே வந்தபோதும், பெற்ற அப்பனுக்குக் கொள்ளி வைத்த மறுநாளே கப்பலுக்குத் திரும்பியபோதும் அலுப்பு என்று ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. அவள் அலுத்துக்கொள்வாள், அவர் கேட்டுக்கொள்வார், அதுதான் அந்த வீட்டு ஏற்பாடு. துணியைச் சட்டியில் போட்டுவிட்டு நோட்டைக் கையில் எடுத்தாள்.

"பாக்காம போடப்படாதுன்னு நீங்கதான சொன்னிய? ஒண்ணொண்ணாப் பாத்துட்டுத்தான் போடுவேன். ஒரு நாளைக்கு ஒண்ணு."

மொத்தம் இருபத்து நாலு அயிட்டம். அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

"கள்ளி" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் நாள் கிணற்று மோட்டார். 'வெயில் காலத்தில் சூடேறி நிற்கும். பயப்பட வேண்டாம். கால் மணி நேரம் கழித்துப் பச்சைப் பொத்தானை அழுத்தவும்.' அழுத்தினாள், ஓடியது, வந்து சொன்னாள். மறுநாள் காஸ் அடுப்பு, அதற்கு மறுநாள் தண்ணீர்த் தொட்டி. அவள் அந்தந்த இடத்தில் நின்றுகொண்டு அவருக்குக் கேட்கிற மாதிரி உரக்க வாசிப்பாள். உள்ளேயிருந்து அவர் கட்டில் சட்டத்தைத் தட்டுவார், சரி என்று அர்த்தம். முன்கூட்டியே பக்கத்தைத் திருப்பிப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒன்பதாவது அயிட்டத்தை, நேற்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை என்று இன்னொரு நாளும் பார்த்தாள். பதினாலாவதை மூன்று நாள் பார்த்தாள். அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் விட்டுக்கொடுத்தார். எவ்வளவு இழுத்தும் இருபத்து நாலு நாளை இருபத்தேழு நாளாக்கத்தான் அவளால் முடிந்தது.

கடைசி அயிட்டம் தனிப் பக்கத்தில் இருந்தது. நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

'இருபத்து நாலு, சொர்ணாம்பாள். வயது நாற்பத்தொன்பது. வலது முழங்காலில் தேய்மானம், மாடி ஏறவிடக் கூடாது. பிரஷர் மாத்திரை ஞாபகப்படுத்தினால்தான் போடுவாள். சாப்பிட்டாச்சு என்பாள், நம்பக் கூடாது. அடுக்களையில் போய்த் தட்டைப் பார்க்கவும். கோபம் வந்தால் பாத்திரத்தை உருட்டுவாள். அது பழுது இல்லை, சாதாரணச் சத்தம்தான். இருபத்தெட்டு வருஷம் நிறுத்தாமல் ஓடியிருக்கிறது. இனிப் பைய ஓட்டவும்.'

அதற்குக் கீழே, பெற்றுக்கொள்பவர் என்று எழுதியிருந்த இடத்தில் விஜயஸ்ரீ பெயரை எழுதி அடித்திருந்தார். நடராஜ் பெயரை எழுதி அதையும் அடித்திருந்தார். பிறகு ஒன்றும் எழுதவில்லை.

"எடுக்கவ பேரு பட்டியல்ல வராதுன்னிய" என்றாள்.

"ஆளு தேடுனேன். பிள்ள தூரத்துல கெடக்கா. நடராசு மறந்துருவான்." மூச்சு வாங்கி நிறுத்தினார். "ஆளு கெடைக்கல சொர்ணம்."

அவர் கண்ணில் தண்ணீரை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். "கிறுக்கு மனுசா" என்று அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். உள்ளே இரைந்துகொண்டிருந்தது அவள் காதுக்கு நன்றாகக் கேட்டது. எங்கே வலிக்கிறது என்று சொல்ல ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படவில்லை.

பிறகு எழுந்து பேனாவை எடுத்தாள். "இதையும் நானே எடுத்துக்கிடுதேன். போதுமா?"

கையெழுத்துப் போட்டாள். தேதியைப் போட மறந்துவிட்டாள். அவர் விரலால் அந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். அதையும் போட்டாள். நோட்டை வாங்கிப் பார்த்து, மூடி, அவளிடமே கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நாலாம் நாள் காலையில் போய்விட்டார்.

மகள் புனேயிலிருந்து வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. ஆண்கள் காரியத்தை முடித்து ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார்கள். வீடு கழுவத் தண்ணீர் விடும்போது மோட்டார் நின்றுபோயிற்று. ஆள் ஆளுக்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னார்கள். சொர்ணாம்பாள் எழுந்து போனாள். கால் மணி நேரம் அங்கேயே நின்றாள், பச்சைப் பொத்தானை அழுத்தினாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

சொந்தக்காரர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு நடராஜ் அவள் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அக்கா, நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டாச்சுலே" என்றாள் பழக்கத்தில். அவனும் தலையை ஆட்டிவிட்டு அந்தப்பக்கம் போனான்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது முழங்காலைப் பார்த்துப் பைய எழுந்தாள்.

"லே நடராசு, பொய் சொல்லிட்டேன். நான் இன்னும் சாப்பிடல. ஒரு எலையப் போடு."