மாப்பிள்ளையின் மூன்றாவது யோசனை

“ஜெயில் என்ன சலவைக் கடையா அத்தை? அழுக்கா போட்டு வெளுப்பா எடுக்கறதுக்கு?”

என் மாப்பிள்ளை என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். பஸ்ஸில் எவளோ என் பர்ஸை அடித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் மட்டும் கிடைத்தால் ஆயுசு முழுக்கக் கம்பி எண்ண வைக்க வேண்டும் என்று கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இதைச் சொன்னார்.

நான் விடுவேனா. “பர்ஸ் உங்களுதா இருந்தா தெரியும்” என்றேன்.

“என்னுதா இருந்தாலும் இதையேதான் சொல்லுவேன். கடையில பிளேடு பாக்கெட் எடுத்துட்டு உள்ள போன ஒரு கண்டக்டரை, ஆபீஸ் வேலையா போனப்போ நான் ஜெயில்ல பாத்திருக்கேன். உள்ள இருந்த நேரத்துல வேலை போச்சு. வேலை போனதும் வீடு போச்சு. மறுபடி அதே ஆளைப் பாத்தப்போ சைக்கிள் திருடிட்டு வந்திருந்தான். பிளேடு எடுத்தவனை சைக்கிள் எடுக்க வெச்சது யாரு?”

“அப்போ என் பர்ஸை எடுத்தவளுக்கு மாலை போட்டுக் கூட்டிட்டு வரட்டுமா?”

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா, தெருவே கேக்குது” என்று என் மகள் உள்ளேயிருந்து சொன்னாள். மாப்பிள்ளை மறுபடியும் பெட்டியைக் கையில் எடுத்தார். காலரைப் பொசுக்கியிருந்தார்.

இவருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு விளக்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். சட்டம் போடுவது மந்திரி. ஆளைப் பிடிப்பது போலீஸ். தண்டனை கொடுப்பது நீதிபதி. இவர் இந்த மூன்றிலும் சேர்த்தி இல்லை. எதைக் குற்றம் என்று சொல்லலாம், எதற்கு அபராதம் போதும், எதற்கு உள்ளே போட வேண்டும் என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டு மந்திரிக்கு எழுதிக் கொடுப்பவர். குற்றவியல் சட்டக் கொள்கை ஆலோசகர் என்று அறை வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். பலகை நீளமே தவிரச் சம்பளம் அவ்வளவு நீளமில்லை. கீழ்வீட்டுக்காரர் இன்றைக்கும் இவரைப் போலீஸ் என்றுதான் நினைக்கிறார். மாடிப்படியில் செருப்பு காணாமல் போனால்கூட இவரிடம் புகார் சொல்லுவார். இவரும் நின்று கேட்டுவிட்டு, “கவனிக்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டு வருவார். இல்லை என்று சொல்ல வாய் வராத ஜன்மம்.

என் மகள் பல் டாக்டரிடம் சீட்டு எழுதும் வேலை பார்க்கிறாள். இவர் அங்கே கடைவாய்ப் பல்லோடு வந்தவர்தான். நாற்காலியில் சாய்ந்தபடியே, “டாக்டர், அப்படியே விடலாம், அடைக்கலாம், இல்லேன்னா அந்தப் பக்கம் இருக்கற எல்லாத்தையும் பிடுங்கிடலாம். நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டாராம். டாக்டர் அடைத்து அனுப்பினார். என் மகள் சிரித்துத் தொலைத்தாள். அப்புறம் கல்யாணம்.

அந்தப் பல் விவகாரத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இவர் எதைச் சொன்னாலும் மூன்று யோசனை சொல்லுவார். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமா? ஒன்று, இருக்கிறபடியே விடலாம். இரண்டு, இளமஞ்சள். மூன்று, மிலிட்டரி வண்டிக்கு அடிக்கிற கரும்பச்சை. எல்லோரும் இளமஞ்சள் என்போம். என் வீட்டுக்காரர் இருந்தவரை வீட்டில் ஒரே யோசனைதான், அதுவும் அவருடையது. அதனால் இப்படி மூன்றை நீட்டிக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்மைக்கூட ஒருத்தர் கேட்கிறாரே என்று கொஞ்ச நாள் பூரித்துப் போயிருந்தேன்.

பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. முதலாவது சப்பென்று இருக்கும். மூன்றாவது பயமுறுத்தும். நடுவில் இருப்பதுதான் அவருக்கு வேண்டியது. நாம் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டு அவர் முடிவு செய்ததையே தலையாட்டிவிட்டு வருவோம்.

ஒரு லீவில் எங்கே போகலாம் என்று பேச்சு வந்தது. ஒன்று, வீட்டிலேயே இருக்கலாம். இரண்டு, கடற்கரையில் ஒரு நல்ல விடுதி. மூன்று, மலையில் கூடாரம் போட்டுத் தங்கலாம், ஆனால் அட்டை கடிக்கும் என்றார்.

“கூடாரம்” என்றேன்.

“அத்தை, அட்டை கடிக்கும்னு சொன்னேனே.”

“கடிச்சா கடிக்கட்டும். என் ரத்தத்தைக் குடிச்சா அட்டைக்குத்தான் ஆபத்து.”

மனிதர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. கடைசியில் கடற்கரைக்குத்தான் போனோம். ஆனால் வழி முழுக்க என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார்.

இந்தப் பழக்கம் ஆபீஸிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அங்கே எல்லா ஆலோசகர்களும் இப்படித்தான் எழுதுவார்கள். மந்திரிக்குப் போகிற எந்தத் தாளிலும் மூன்று யோசனை இருக்கும். முதலாவதும் மூன்றாவதும் ஒப்புக்கு, நடுவில் இருப்பது நிஜம். இதைப் பழைய மந்திரியும் அறிவார். திறந்ததும் நடுவில் டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாராம். பத்துப் பதினைந்து வருஷம் வண்டி அப்படியே ஓடியது. பழைய மந்திரி போய்ப் புது மந்திரி வந்தார். பெண்மணி, அதற்கு முன்னால் லாரி கம்பெனி நடத்தியவர். இந்த வழக்கத்தை அந்த அம்மாவிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல முடியும்?

அந்தச் சமயம் பார்த்துக் கடைத்திருட்டு அதிகமாகிவிட்டது என்று கடைக்காரர்கள் ஊர்வலம் போனார்கள். பேப்பரிலும் டிவியிலும் அதே பேச்சு. சட்டத்தை மாற்ற யோசனை கொடுங்கள் என்று புது மந்திரி கேட்க, தாள் என் மாப்பிள்ளை தலையில் விழுந்தது. வழக்கப்படி எழுதினார். ஒன்று, சட்டத்தை அப்படியே விடலாம். இரண்டு, சின்னப் பொருளாக இருந்து முதல் தடவையாகவும் இருந்தால், எழுத்தில் எச்சரித்து, கடைக்காரருக்குப் பணத்தைக் கட்ட வைத்து அனுப்பலாம். மறுபடி பிடிபட்டால் கோர்ட். மூன்று, சோப்புக் கட்டி எடுத்தாலும் முதல் தடவையே மூன்று மாசம் ஜெயில், நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது.

மந்திரி மூன்றாவதில் டிக் அடித்துவிட்டார்.

இது எனக்குத் தெரிந்தது தற்செயலாக. வருஷத்துக்கு ஒரு தடவை நான் உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷன் ஆபீஸில் போய் முகத்தைக் காட்ட வேண்டும். அது மாப்பிள்ளை வேலை பார்க்கும் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் இருக்கிறது. முகத்தைக் காட்டிவிட்டு, சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று அவர் அறைக்கு ஏறினேன். பெரிய ஜன்னல் உள்ள நல்ல அறை. அலமாரி நிறையத் தடித் தடியான சட்டப் புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் நாக்கு நீட்டுகிற மாதிரிக் காகிதத் துண்டுகள். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளையும் அவருடைய மேலதிகாரியும் உள்ளே வந்தார்கள். அந்த ஆள் இயக்குநர், வயிறு முன்னால் வர அவர் பின்னால் வருவார். நான் இருப்பதை ரெண்டு பேரும் கவனிக்கவில்லை. நானும் இருமவில்லை.

“சார், அந்த மூணாவது வெறும் சோளக்கொல்லை பொம்மை. அதைச் சட்டமாக்கப் போறாங்க. திங்கக்கிழமை அறிவிப்பு.”

“சரி, ஆகட்டும். நாம யோசனை சொல்றோம், அவங்க எடுக்கறாங்க. அதோட நம்ம வேலை முடிஞ்சுது.”

“எழுதினது நான் சார். முதல் தடவை கை நீட்டினவன் எல்லாம் உள்ள போவான்.”

“அதுக்கு என்ன பண்ணப் போற?”

“போய்ச் சொல்லப் போறேன்.”

இயக்குநர் கதவைச் சாத்தினார். “என்னன்னு சொல்லுவ? நீங்க எடுக்க மாட்டீங்கன்னு நெனச்சு எழுதினோம்னா? அப்புறம் அந்தம்மா பழைய தாளையெல்லாம் தோண்டும்யா. அத்தனை பேரும் மாட்டுவோம். இங்க பாரு, துணை இயக்குநர் பதவிக்கு உன் பேரை மேல வெச்சு அனுப்பியிருக்கேன். அதை நானே அடிக்கற மாதிரி பண்ணிடாத.”

அந்தப் பதவிக்கு மாப்பிள்ளை எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தார். அதை நம்பித்தான் என் மகள் வேறு வீடு பார்த்து வைத்திருந்தாள். ரெண்டு படுக்கையறை, எனக்கென்று தனியாக ஒரு அறை. இப்போது நான் கூடத்தில்தான் கட்டிலைப் போட்டுக்கொண்டு கிடக்கிறேன்.

இயக்குநர் போன பிறகுதான் நான் எழுந்து வந்தேன், சேர்ந்து வீட்டுக்குப் போனோம். சாப்பிடும்போது மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, உங்களை யாரு கேட்டா? இயக்குநரே சும்மா இருன்னு சொல்றாரு.”

“என் கையெழுத்தும்மா அது.”

“கையெழுத்து போட்டவங்க எல்லாரும் இப்படிப் புலம்பினா ஆபீஸ் நடக்குமா? அம்மா, நீயாவது சொல்லேன்.”

நான் மனசில் பட்டதைச் சொன்னேன். “மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. எனக்கு அந்த மூணாவதுதான் புடிச்சிருக்கு. மந்திரி நல்லாத்தான் டிக் அடிச்சிருக்கு. பேசாம இருங்க, பதவியும் வரும், வீடும் வரும்.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அட்டை கடிக்கும் அத்தை” என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு நேராக மந்திரி அறைக்குப் போயிருக்கிறார். உள்ளே நடந்ததை அவர் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மகள் “அப்புறம்?” “அப்புறம்?” என்று கேட்டுக்கேட்டுத்தான் முழுசாக வந்தது.

“அப்போ, நான் இதை எடுக்க மாட்டேன்னு நெனச்சுத்தான் எழுதினீங்க” என்றாராம் மந்திரி.

“ஆமா மேடம்.”

“முதலாவது?”

“அதையும் யாரும் எடுக்க மாட்டாங்க மேடம்.”

“என்கிட்ட டயர் விக்க வந்தவன் எல்லாம் இதைத்தான் பண்ணுவான். ஒண்ணு தேஞ்சது, ஒண்ணு ஆனை விலை, நடுவுல அவன் தள்ளிவிட நெனச்சது. கவர்மெண்டுலயும் இதானா?”

“இங்கயும் இதான் மேடம்” என்றாராம் இவர்.

“சரி, மூணாவதைச் செஞ்சா என்ன ஆகும்?”

“ஜெயில் கொள்ளாது மேடம். புதுசா கட்டணும். அதுக்குள்ள வேலைக்குப் போயிட்டிருக்கறவங்களை உள்ள போட்டு, வெளிய வரும்போது வேலை இல்லாதவங்களா அனுப்புவோம். கடைக்காரங்களுக்குப் பணமும் திரும்பி வராது.”

“இதை ஏன் எழுதலை?”

“பன்னெண்டாவது இணைப்புல இருக்கு மேடம்.”

“அதை யாருய்யா படிப்பா?”

“பழைய மந்திரியும் படிச்சதில்லை மேடம்.”

மந்திரி அந்த இணைப்பைத் தேடி எடுத்துப் படித்தாராம். பிறகு பேனாவை எடுத்து மூன்றாவதை அடித்திருக்கிறார். இரண்டாவதில் கடைக்காரருக்குக் கட்டும் பணத்தைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அத்தோடு நிற்கவில்லை. இனிமேல் எந்த ஆலோசகரும் ஒரே யோசனைதான் தர வேண்டும், அதற்குக் கீழே அவர் பெயர் இருக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டுவிட்டார்.

அதுதான் ஆபீஸில் ஒருத்தருக்கும் பொறுக்கவில்லை. இதுவரை எது தப்பானாலும் மந்திரி எடுத்தது என்று கையைக் கழுவியவர்கள். இப்போது பெயரைப் போட வேண்டும். கேன்டீனில் இவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திடீரென்று பசி அடங்கிவிடுமாம். இயக்குநர் சொன்னபடியே செய்தார். துணை இயக்குநர் பதவி வேறு ஒருவருக்குப் போனது. இவரைப் பழைய அறையிலிருந்து கிளப்பி, லிஃப்டுக்குப் பக்கத்தில், முன்னால் உடைந்த மேஜைகளைப் போட்டு வைத்திருந்த அறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஜன்னல் கிடையாது. லிஃப்ட் ஏறும்போதெல்லாம் சுவர் முனகும்.

என் மகள் இவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பார்த்து வைத்திருந்த வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொன்னபோது மட்டும், “எங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவருங்க, அதனால வரமுடியலை” என்றாள். அந்த ஆளுக்கு என்ன புரிந்ததோ.

இவர் என்னவோ அசரவில்லை. டிவியில் மந்திரி புதுச் சட்டத்தைச் சொன்ன அன்றைக்கு, கூடத்தில் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். முதல் தடவை பிடிபட்டவர்களை எச்சரித்து அனுப்புவார்கள் என்று மந்திரி சொன்ன இடத்தில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

“எனக்கு இன்னமும் மூணாவதுதான் மாப்பிள்ளை” என்றேன்.

“தெரியும் அத்தை.”

“ஆனா உங்க இயக்குநர் மூஞ்சியைப் பாக்கணும் போல இருக்கு.”

“நல்லா இல்லை அத்தை. வேண்டாம்.”

மகள் அப்பால் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

சட்டம் வந்துவிட்டது. அறைதான் வெந்தது. மதியம் ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறதாம். ஃபேன் கேட்டு ஆபீஸுக்கு எழுதினார். இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் வரும் என்றார்கள். அப்படியென்றால் வராது என்று அர்த்தம். சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் கடைக்குப் போனோம். ஒரு மேஜை ஃபேனைச் சுற்றவிட்டு, காற்று வருகிற இடத்தில் மகளை நிறுத்தினார். தலைமுடி முகத்தில் வந்து விழ, அவள் போதும் என்றாள். மூன்று யோசனை எதுவும் சொல்லாமல் அந்த ஒன்றுக்கே பணத்தை எடுக்கப் போனார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். கடைக்காரன் இரண்டாயிரம் சொன்னான். என்னிடமா நடக்கும்? ஆயிரத்து எழுநூறு.